கரிசல் பூமியில் கல் அச்சு

தமிழ்நாட்டு அச்சுக்கலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் புத்தகத்தை வைத்தே அதனை எழுதியிருக்கின்றனர். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் பதினாறு பக்கங்களில் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்', 1586-இல் தாமிரவருணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலில் அவரே அச்சிட்ட 'அடியார் வரலாறு', 1715-க்குள் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சேற்றி முடித்த புதிய ஏற்பாடு, 1812-இல் அச்சுருவம் பெற்ற திருக்குறள், பின்னர் ஆறுமுக நாவலர், தாமோதரம் பிள்ளை, சாமிநாதையர் ஆகியோரின் அரும்பதிப்புகள் என்று, ஏட்டுச் சுவடியிலிருந்து காகிதத்துக்குத் தமிழ் வந்து சேர்ந்த கதையாகவே அது அமைந்திருக்கிறது. பெருமைக்குரிய கதைதான். ஆயினும், வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூரில் நின்றுகொண்டு, அச்சு இயந்திரம் இந்தக் கரிசல் பூமிக்கும் இங்கு வாழ்ந்த எளிய ஜனங்களுக்கும் என்ன செய்தது என்று ஒருவர் வினவுவாரானால், அவருக்குரிய விடை தீப்பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட லேபிளிலும், வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரிலும், பள்ளிப் பிள்ளையின் கோடு போட்ட நோட்டிலும்தான் கிடைக்கும். எழுத்தறியாத மனிதனை அச்சு முதன்முதலில் எட்டிப் பிடித்தது படத்தைக் கொண்டுதான் என்பதும், அந்தப் பெரிய காரியம் நம் நாட்டில் வேறெங்கும் நடந்ததைவிட விரிவாக இந்தப் பக்கத்திலேயே நடந்தது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

சிவகாசியைத் தனிப்பெரும் நகரமாகவே எண்ணிப் பழகிவிட்ட இக்காலத்தவர்க்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது திருநெல்வேலி ஜில்லா சாத்தூர் தாலுகாவைச் சேர்ந்த ஓர் ஊராக இருந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். இராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டதே 1910-இல்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற ரயில் பாதை 1876-இல் திறக்கப்பட்டபோது அது சாத்தூரைத் தொட்டுக்கொண்டு சென்றது. சிவகாசிக்குப் போகவேண்டிய சரக்கு எதுவாயினும் சாத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து சுமார் 12 மைல் வண்டிப் பாதையில் செல்லவேண்டியிருந்தது. பருத்தியும் கம்பும் சோளமும் விளைகின்ற வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்த ஆண்டில் வேலை இல்லை. வேலை இல்லாத ஆண்டில் ஊரைவிட்டுப் புறப்படுவதைத் தவிர வேறு மார்க்கமும் இல்லை. பின்னாளில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இந்த ஒரே வட்டாரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வேர்விட்டதற்கு இந்த வறட்சியே முதற்காரணமாயிற்று. காற்றில் ஈரமில்லாமையால் குச்சியின் மருந்து விரைவில் காய்ந்தது. அச்சிட்ட காகிதமும் அவ்வாறே காய்ந்தது. வயலில் வேலையற்ற கைகள் கூலிக்குக் காத்திருந்தன.

அச்சு இயந்திரம் இங்கு வந்து சேருமுன்பே அச்சின் பலத்தை இவ்வட்டாரத்தார் வேதனையோடு அனுபவித்துவிட்டனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1849-இல் கால்டுவெல் பாதிரியார் திருநெல்வேலிச் சீமையின் நாடார் சமூகத்தாரைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் சென்னையில் அச்சாயிற்று. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்தவர் என்ற முறையில் அவருக்குத் தமிழுலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் அந்த முந்திய நூலில் ஒரு சமூகத்தாரின் அறிவையும் ஒழுக்கத்தையும் வழிபாட்டையும் அவர் தாழ்த்தி எழுதியது, அச்சாகிவிட்ட காரணத்தினாலேயே, வாய்ப்பேச்சைப் போல் காற்றோடு போகாமல், மேலதிகாரிகளின் மேஜையிலும் மிஷன் பள்ளிகளின் அலமாரியிலும் நிலைத்த சாட்சியாக அமர்ந்துவிட்டது. அதை மறுத்தவர்களும் அச்சையே நாட வேண்டியிருந்தது. அருமைநாயகம் சட்டாம்பிள்ளை முதலியோர் தொடங்கிவைத்த அந்த மறுப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் துண்டுப் பிரசுரங்களாகவும் விண்ணப்பங்களாகவும் பெருகியது.

காகிதத்தில் நடந்த இந்த வழக்கு கோயில் வாசலிலும் நடந்தது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்தினுள் நாடார்கள் பிரவேசித்தது வியாஜ்யமாகி, கோர்ட்டுகளை ஒவ்வொன்றாக ஏறி, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அவர்களுக்கு விரோதமாக முடிந்தது. இதனிடையே 1899 ஜூன் மாதத்தில் சிவகாசி தாக்கப்பட்டு, உயிரும் உடைமையும் நாசமாயின. அதன் பின் அச்சமூகத்தார் கைக்கொண்ட வழி குறிப்பிடத்தக்கது. கடைதோறும் மகமை வசூலித்துப் பொதுநிதி சேர்த்தனர், பள்ளிக்கூடம் கட்டினர், 1910-இல் பொறையாற்றில் மகாஜன சங்கம் கண்டனர், 1919 முதல் அருப்புக்கோட்டையிலிருந்து 'நாடார் குலமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தினர். பிறர் அச்சிட்டதைப் படித்து மனம் வெந்த ஒரு ஜனக்கூட்டம், ஒரு தலைமுறைக்குள் தானே அச்சிடும் நிலையை அடைந்தது. அச்சிட்டு விற்பதையே தங்கள் ஜீவனமாக அவர்களிற் பலர் கொள்ளப்போகிறார்கள் என்பது மட்டும் அப்போது எவருக்கும் தெரியாது.

அதற்கு வழி வகுத்தது நெருப்புக்குச்சி. முதல் உலக யுத்தத்தின்போது ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டி வரத்துக் குறைய, ஜப்பான் சரக்கு இந்தியக் கடைகளை நிரப்பியது. 1922-இல் அரசாங்கம் அயல்நாட்டுத் தீப்பெட்டி மீது குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கம் விதித்தது. உள்நாட்டில் செய்தால் லாபம் உண்டு என்ற நிலை பிறந்தது. ஏறத்தாழ அதே சமயத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். பட்டறையும் கையுமாகத் தொடங்கிய அந்த முயற்சி, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்ற சொல் ஒவ்வொரு கிராமத்திலும் வழங்கும்படியான பெருந்தொழிலாயிற்று. ஊரார் வேலைக்குப் போகிறேன் என்று சொல்வதில்லை. ஆபீசுக்குப் போகிறேன் என்பார்கள்.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். ஒருவன் செய்த பெட்டிக்கும் மற்றொருவன் செய்த பெட்டிக்கும் மரத்தினாலோ மருந்தினாலோ பேதம் காட்ட இயலாது. மேலே ஒட்டிய சிறு காகிதமே அவனுடைய முகவரி, அவனுடைய நாணயம், அவனுடைய ஆஸ்தி. வாங்குபவரில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். கடைக்கு வந்த கிழவி கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டாள். அணில் கொடு, காக்கா கொடு என்றே கேட்பாள். அய்ய நாடாரின் அணிலும் சண்முக நாடாரின் காக்கையும் அவ்விதம் வீட்டுப் பேச்சில் புகுந்தவையே. பின்னவரைக் 'காக்கா சண்முக நாடார்' என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும் என்ற அளவுக்கு முத்திரை பெயரோடு ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் இந்த லேபிள்களை வெளியூர்களில் அச்சிட்டு வரவழைக்க வேண்டியிருந்தது. இலட்சக்கணக்கில் தேவைப்படும் ஒரு பொருளுக்குத் தொலைதூரத்து அச்சகத்தின் தயவை எதிர்பார்த்திருப்பதை எந்த வியாபாரி நெடுநாள் பொறுப்பான்? 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டு, சிவகாசிக்கு ஸ்டேஷன் வந்தது. கல்லும் இரும்புமாகிய பளுவான சாமான்கள் சாத்தூரில் இறங்கி வண்டியேற வேண்டிய அவசியம் நீங்கிற்று. இருபதுகளின் கடைசியிலும் முப்பதுகளிலும் சிவகாசியில் லித்தோ அச்சகங்கள் தோன்றலாயின.

லித்தோ என்னும் கல் அச்சைக் கண்டவர் இன்று அரிதாகையால், அதன் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1790-களின் இறுதியில் பவேரிய நாட்டில் அலாய்ஸ் செனபெல்டர் என்பவர் கண்டுபிடித்த இந்த முறைக்கு ஆதாரம் எண்ணெயும் நீரும் ஒட்டா என்ற மிக எளிய உண்மை. நயமான சுண்ணாம்புக் கல்லொன்றை மணல் தூவி, மற்றொரு கல்லை மேலே வைத்துத் தேய்த்துச் சமதளமாக்குவார்கள். அதன்மீது கொழுப்புச் சேர்ந்த கரிக்கோலால் சித்திரத்தை இடவலமாக மாற்றி வரைவார்கள். பிறகு சிறிது அமிலம் கலந்த வேலம் பிசின் கரைசலைப் பூசினால், வரையாத இடம் நீரை ஏற்கும் தன்மையை அடையும். வரைந்த இடம் நீரைத் தள்ளும். கல்லை ஈரத்துணியால் துடைத்து மை உருளையை ஓட்டும்போது, மை வரைந்த கோட்டில் மட்டும் பற்றும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மயிலின் கழுத்துக்கு நீலம் ஒரு கல்லிலிருந்தும், தோகைக்குப் பச்சை மற்றொன்றிலிருந்தும், கண்ணுக்கு மஞ்சள் இன்னொன்றிலிருந்தும் வரவேண்டும். எல்லாம் ஒரே காகிதத்தில் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று அமரவேண்டும். காற்றின் ஈரத்தால் காகிதம் இழுபட்டால் மயிலின் கண் கழுத்துக்கு வந்துவிடும். கடற்கரைப் பட்டணங்களில் அச்சடிப்போரை வருத்திய இந்தத் தொல்லை, வறண்ட சிவகாசியில் குறைவாக இருந்தது. லேபிள் சிறிதாகையால், ஒருமுறை வரைந்ததை மாற்றுக் காகிதத்தின் வழியே பெரிய கல்லில் பலமுறை பதித்து, ஒரே தாளில் வரிசை வரிசையாக அச்சிட்டு, பின் வெட்டியெடுத்தார்கள். வேலை முடிந்த கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த படத்தை வரைவார்கள். முதற்காலத்துச் சிவகாசிச் சித்திரங்களின் மூலங்களில் பெரும்பாலானவை இவ்வாறே மணலோடு மணலாகிப்போயின.

எழுத்தறியாதவர் கையில் அச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்த இந்தச் சிறு காகிதத்தின் விளைவு தீப்பெட்டியோடு நிற்கவில்லை. ஒரு படம் ஒரு பொருளைக் குறிக்கும், அந்தப் படத்தைப் பார்த்துத் தெரிந்தெடுப்பது தன் உரிமை என்ற பழக்கம் கடைவீதியில் ஜனங்களுக்கு ஏற்பட்டபின், 1951-52 பொதுத்தேர்தலில் சர்க்கார் சின்னங்களைக் கொண்டு வாக்களிக்கச் சொன்னபோது, இப்பக்கத்துக் குடியானவனுக்கு அது புதிய பாடமாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். 1957-லும் 1962-லும் காமராஜர் இதே சாத்தூர்த் தொகுதியில் நின்று ஜெயித்தார். இரட்டைக் காளைச் சின்னத்தைக் காட்டியே அவருக்கு வாக்குக் கேட்டனர். சுவரொட்டி என்பது தமிழ்நாட்டு அரசியலின் பிரிக்கவொண்ணாத அங்கமாகப் பின்னர் ஆனதில் சிவகாசி அச்சகங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சினிமாவுக்கும் கட்சிக்கும் ஒரே இயந்திரம் ஒரே மையில் அச்சிட்டது.

லேபிளுக்கு அடுத்தபடி காலண்டர். இதைப் பற்றிச் சொல்லும்போது கோவில்பட்டியைச் சொல்லாமல் இருக்க இயலாது. 1898-இல் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, சிலகாலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கி, பின் நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதியவராக ஊர் ஊராய்ச் சுற்றிய சி. கொண்டையராஜு, நாற்பதுகளில் கோவில்பட்டியில் நிலைத்தார். அவரும், அவரிடம் பயின்ற சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் முதலிய சீடர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாடெங்கும் பரவின. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிக் கடவுளரை எண்ணெய்ச் சாயலில் வீட்டுக்குள் கொண்டுவந்தது உண்மையே. ஆயினும் ரவிவர்மாவின் லட்சுமியைக் காட்டிலும் கொண்டையராஜுவின் கஜலட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் தமிழர்க்கு நெருக்கமானவை. நாடகத் திரையில் மின்னிய ஆடம்பரமும், கோயிற்சிலையின் நேர்முகப் பார்வையும், ஸ்டுடியோ போட்டோவின் நிழலும் ஒளியும் அவற்றிற் கலந்து நிற்கின்றன. கண்கள் பார்ப்பவனை நேரே நோக்கும். கும்பிடுவதற்கென்றே எழுதப்பட்ட படங்கள் அவை. அந்தப் பயனைக் கொண்டே அவற்றை அளக்க வேண்டுமேயன்றி, மலிவான கலை என்று தள்ளுவோர் அளவுகோலைக் கொண்டு அளத்தல் நியாயமன்று.

இனி, இதன் சமுதாய அர்த்தத்தைக் கவனிக்க வேண்டும். கமுதி வழக்கில் பிரிவி கவுன்சில் கதவை அடைத்தது 1908-இல். மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களையும் நாடாரையும் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-இல். அதற்கு முன்னும், கிராமத்துக் கோயில்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம், கர்ப்பக்கிருகத்துத் தெய்வத்தைக் கண்ணாரக் காணக் கொடுத்துவைக்காத லட்சோபலட்சம் குடும்பங்கள் இந்நாட்டில் இருந்தன. சில அணா விலைக்கு மீனாட்சியும் முருகனும் லட்சுமியும் அவர்கள் குடிசைச் சுவருக்கு வந்து, அதே பார்வையோடு, எந்தக் குலத்தையும் விசாரியாமல் அவர்களைப் பார்த்தனர். தாமாகவே பொட்டு வைத்தனர்; தாமாகவே சூடம் காட்டினர்; இடையில் ஒருவரும் இல்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்தாரின் ஊரிலிருந்து, அவர்களுடைய முதலில், அவர்களுடைய அச்சகத்தில், அந்தத் தெய்வங்கள் புறப்பட்டன என்பதை எண்ணும்போது என் மனம் நெகிழ்கிறது. இதை அவர்கள் ஒரு கிளர்ச்சியாகத் திட்டமிட்டுச் செய்யவில்லை; விற்பனைக்காகவே செய்தனர். ஆனால் சட்டம் செய்யத் தாமதித்ததை அந்த வியாபாரம் தன் வழியில் முன்னரே செய்திருந்தது.

தினசரிக் காலண்டரும் இத்தகையதே. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம் என்பன ஒருகாலத்தில் பஞ்சாங்கம் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டறிய வேண்டிய விஷயங்கள். விரலளவு தாளில் அவற்றை அச்சிட்டு, நாளுக்கொன்றாகக் கிழிக்கும்படி அட்டையில் கட்டி, மளிகைக்கடைக்காரர் தம் வாடிக்கையாளருக்குத் தைமாதத்தில் இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டபின், அந்த வித்தை அடுப்படிச் சுவருக்கு வந்துவிட்டது. அதே தாளில் முஸ்லிம் மாதப் பிறையும் கிறிஸ்தவப் பண்டிகையும் இருக்கும். எல்லாரிடமும் விற்க விரும்பிய அச்சகக்காரர் எல்லாருடைய நாளையும் ஒரே தாளில் அமர்த்தினார். பஞ்சாங்க நம்பிக்கையையே இது மேலும் வலுப்படுத்திற்று என்று குறை கூறுவாரும் உளர். அதிலும் உண்மை இல்லாமலில்லை. முன்பு நல்லது பொல்லாததற்கு மட்டும் நாள் பார்த்தவர், இப்போது மாடு வாங்கவும் வெளியூர் புறப்படவும் ராகு காலம் பார்க்கலானார்.

இத்தனையும் சொன்ன பிறகு, நெஞ்சு பதறச் செய்யும் ஒன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தச் சரித்திரம் பொய்யாகிவிடும். இவ்வட்டாரத்து அச்சகங்கள் கோடு போட்டுத் தைத்தனுப்பிய நோட்டுப் புத்தகங்கள் தமிழகத்துப் பள்ளிகளிலும் அயல் மாகாணப் பள்ளிகளிலும் பிள்ளைகளின் பைகளை நிரப்பிய அதே காலத்தில், சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிக் கிராமங்களின் பிள்ளைகள் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியேறிக் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சென்றனர். அதிலும் பெண்பிள்ளைகளே அதிகம். மயிலும் மாம்பழமும் அச்சிட்ட வண்ணக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டிய விரல்கள், அவற்றின் கீழே எழுதியிருந்த இரண்டு சொற்களைப் படிக்கக் கற்கவில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது; 1996 டிசம்பரில், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசித் தொழிற்சாலைகளை முன்னிட்டே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று விதித்தது. அத்தீர்ப்பும், அதற்கு முன்னும் பின்னும் இப்பக்கத்து ஆசிரியர்களும் பெற்றோரும் பட்ட பாடும், ஊருக்கு ஊர் வந்த பள்ளிகளும் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றின. ஆயினும் எழுத்தின்றி வளர்ந்து இன்று பாட்டிகளாகிவிட்ட அந்தச் சிறுமிகளுக்கு எவரும் எதையும் திருப்பித் தந்துவிடவில்லை.

லித்தோ கல் போய்த் துத்தநாகத் தகடு வந்தது, அதன்பின் ஆப்செட். ஜெர்மனியில் ஓடித் தேய்ந்த இயந்திரங்களை வாங்கி வந்து, பிரித்துப் பூட்டி, அவற்றின் நுட்பத்தைக் கையாலேயே கற்று ஓடவைத்த மிஷின்மேன்களின் திறமையால் சிவகாசி வளர்ந்தது. நேரு இவ்வூரைக் குட்டி ஜப்பான் என்று அழைத்ததாக ஊரார் பெருமையோடு சொல்வர். தீப்பெட்டிச் சந்தையில் ஜப்பானை விரட்டிய ஊருக்கு அந்தப் பெயர் வந்தது பொருத்தமே. தொழிலில் ஈட்டிய பொருளிலிருந்து கல்லூரிகள் எழுந்தன. 1963-இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி அவற்றுள் ஒன்று. சாத்தூரோ எழுத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டது: பேனா நிப் செய்யும் குடிசைத்தொழில் இங்கே வீட்டுக்கு வீடு நடந்து, நாட்டின் பல பாகங்களுக்கு நிப் அனுப்பிற்று. பால்பாயின்ட் பேனா வந்ததும் அந்தத் தொழில் தேய்ந்து, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. காரச்சேவுக்குப் பெயர்போன ஊர் என்று சாத்தூரை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு, தாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய பேனாவின் முனை இவ்வூரில் அடிக்கப்பட்டது என்று தெரிந்திருக்கும்?

இன்றும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்குரிய காலண்டர் ஆல்பங்கள் பூஜையிட்டு வெளியிடப்படுகின்றன. ஏஜெண்டுகள் அவற்றைச் சுமந்துகொண்டு கடைகடையாக ஆர்டர் பிடிக்கப் புறப்படுகின்றனர். வியாபாரம் நடக்கிறது. நடக்காதது ஒன்றுண்டு. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆயுள் முழுவதும் சேர்த்த பழைய தமிழ் அச்சுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நம் ஜில்லாவில், தேய்க்கப்படாமல் எஞ்சிய லித்தோ கற்களையும், முப்பதுகளின் லேபிள் தாள்களையும், கோவில்பட்டி ஓவியர்களின் மூலப்படங்களையும், சாத்தூர் நிப் அடித்த அச்சுகளையும் ஒரு கூரையின் கீழ்ச் சேர்த்து வைக்கும் அவ்வகை ஏற்பாடு வேண்டும். பழைய அச்சகங்களின் கிட்டங்கிகளில் அவை இன்னும் சில கிடக்கக்கூடும். வாரிசுகள் எடைக்குப் போடுமுன் அவற்றைக் கேட்டு வாங்கும் பொறுப்பை அச்சக உரிமையாளர்களே மேற்கொள்வது தகும். ஏனெனில் தம் பாட்டன்மார் வரைந்து அச்சிட்டு விற்றவற்றின் அருமை, பிற எவரையும்விட அவர்களுக்கே நன்கு தெரியும்.